மலர் அக்காவின் வயலுக்கு மேலே ஒரு வண்டு

போன புதன்கிழமை காலை. ஈரம் சொட்டும் வெள்ளை வேட்டி ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி எங்கள் வீட்டு விறாந்தையில் நின்றுகொண்டிருந்தேன்.

வேட்டி என் கணவருடையது. சற்று முன்னர்தான் நானே தோய்த்து, பிழிந்து, முற்றத்துக் கொடியில் விரித்துப் போட்டது. அதை எப்போது கொடியிலிருந்து இழுத்தேன்? எப்படி விறாந்தைக்கு ஓடி வந்தேன்? சத்தியமாக எனக்குத் தெரியாது!

கதிரையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த கணவர், மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"என்னப்பா, மழையோ?"

"இல்லை..."

"பிறகேன் என்ர வேட்டியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர்? நான் இஞ்சதானே இருக்கிறன்!"

பகிடி விட்டவர் சட்டென்று பேப்பரை மடித்தார். காதைக் கொடுத்துக் கேட்டார். வயல் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. ங்ங்ங்... என்று, ஏறாமல் இறங்காமல், விடாமல். எழுந்து முற்றத்துக்குப் போனார். கொடியில் மிஞ்சிக் கிடந்த துவாயை எடுத்துக்கொண்டு அவரும் உள்ளே வந்துவிட்டார்!

வன்னிக்கு வெளியே இருந்து இதை வாசிப்பவர்கள் எங்கள் இருவரையும் ஒரு மாதிரியாகத்தான் நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

சண்டைக் காலத்தில் எங்கள் தலைக்கு மேலே ஆளில்லாத வேவு விமானம் சுற்றும். நாங்கள் அதற்கு வைத்த பெயர் வண்டு. வண்டு பார்க்கும். பார்த்துவிட்டுப் போகும். அதன்பிறகு என்ன வரும் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. ஆகவே அந்தச் சத்தம் கேட்டால் வீட்டுக்கு வீடு இரண்டு வேலை நடக்கும். அடுப்பில் தண்ணீரை ஊற்றிப் புகையை நிறுத்துவார்கள். கொடியில் கிடக்கும் உடுப்பை உருவிக்கொண்டு ஓடுவார்கள் — அதிலும் வெள்ளையையும் சிவப்பையும் முதலில். மேலே இருந்து பார்த்தால் ஆள் இருக்கும் வீடு என்று தெரிந்துவிடும் அல்லவா?

அதெல்லாம் முடிந்து எத்தனை வருடம்! சண்டை முடிந்தது என்று என் மூளைக்கு நன்றாகத் தெரியும். கைக்கு யார் போய்ச் சொல்வது?

இத்தனைக்கும் அன்று வந்தது என்ன தெரியுமா? நெல்லுக்கு மருந்து அடிக்கிற ட்ரோன்!

வருகிறது என்று எங்களுக்கு அறிவிக்காமலும் இல்லை. கமக்கார அமைப்பின் செயலாளர் சிவநேசன் அண்ணை ஓட்டோவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு அக்கராயன் முழுக்கச் சுற்றினார். "அன்பார்ந்த கமக்காரர்களே! எமது வயல்வெளிக்கு ட்ரோன் தொழில்நுட்பம் வருகை தர இருக்கின்றது!" ஏதோ அமைச்சர் வருவது போல இருந்தது. நாங்கள் நினைத்தது கலியாண வீட்டில் தலைக்கு மேலே நின்று படம் எடுக்குமே, அந்தச் சின்னச் சாமானை. அது நுளம்பு மாதிரிக் கத்தும், ஒருவரும் கணக்கெடுப்பதில்லை. மருந்து அடிக்கிறது அப்படியா? பெரிய பெரிய விசிறிகள், வயிற்றில் ஒரு மருந்துத் தாங்கி, எழும்பினால் நெஞ்சுக்குள் அதிருகிற சத்தம். சிவநேசன் அண்ணை எல்லாம் அறிவித்தார். சத்தத்தை மட்டும் அறிவிக்க மறந்துவிட்டார்.

நான் ஒழுங்கையில் இறங்கிப் பார்த்தேன். ஒரு வீட்டுக் கொடியிலும் ஒரு துணி இல்லை! ஒருவருக்கு ஒருவர் சொல்லவில்லை, கூப்பிடவில்லை. அத்தனை வீட்டிலும் அத்தனை கைகளும் ஒரே வேலையைச் செய்திருந்தன. கொஞ்ச நேரத்தில் எங்கள் ஒழுங்கை வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்து விழுந்தது. "ஆற்ற சாரம் இது? அவசரத்தில பக்கத்து வீட்டுக் கொடியையும் சேத்து உருவிப்போட்டன்." அதற்குக் கீழே சிரிப்புப் படங்கள் வரிசையாக வந்தன. எல்லோரும் சிரித்தோம். கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் ஆறுதல். நமக்கு மட்டும் நடக்கவில்லை என்பதில் வருகிற ஆறுதல்தான்.

சிரிக்காத ஒருவர் இருந்தார். மலர் அக்கா.

மலர் அக்காவை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு அவருடையது. வீட்டுக்குப் பின்னாலேயே வயல். கணவரைச் சண்டையின் கடைசி மாதங்களில் இழந்தவர். அதற்குப் பிறகு தனியாளாக வயலைச் செய்து, மகளைப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, இன்றைக்கும் விடிய எழும்பி வாய்க்காலில் மண்வெட்டியோடு நிற்பவர். உழவுக்கு மெசின் பிடிப்பார், விதைப்பார், தண்ணீர் கட்டுவார். ஒரே ஒரு வேலைக்கு மட்டும் அவர் மற்றவனின் கையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மருந்து அடிக்கிற வேலை. மருந்துத் தாங்கியை நிரப்பி முதுகில் மாட்டிக்கொண்டு சேற்றுக்குள் நடக்க அவருடைய இடுப்பு விடாது.

போன போகத்தில் என்ன நடந்தது தெரியுமா? மருந்து அடிக்கிற பெடியனுக்குப் போன் எடுத்து எடுத்து மலர் அக்கா களைத்துப்போனார். "இந்தா வாறன் அக்கா" என்பான். பிறகு போனை நிறுத்தி வைத்திருப்பான். ஆம்பிளை நிற்கிற வயல்களுக்கெல்லாம் போய் முடித்துவிட்டு அவன் வந்து சேர்ந்தபோது வயலின் ஒரு மூலை பூச்சி பிடித்து, நெருப்பு வைத்தது போல எரிந்து வைக்கோலாகி நின்றது. மலர் அக்கா யாரையும் திட்டவில்லை. அந்த மூலையைத் தனியாக அறுத்து மாட்டுக்குப் போட்டார்.

இந்தப் போகத்திலும் அதே பூச்சி வந்துவிட்டது. அறக்கொட்டி என்போம். நெல்லின் அடித்தண்டில் கூட்டமாக இருந்து சாற்றைக் குடித்துவிடும். பயிர் குடலைப் பருவத்தில் நிற்கிறது, கதிர் வெளியே வரவேண்டிய நேரம். இப்போது விட்டால் பிறகு அறுக்க ஒன்றும் இராது. ட்ரோனோடு வந்தவர்களும் இரண்டு நாள்தான் எங்கள் பக்கம் நிற்பார்கள். அதற்குள் மழை பிடிக்கும் என்று வானிலை அறிவிப்பு வேறு பயமுறுத்தியது.

நான் வயலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ட்ரோன் வாய்க்கால் கட்டின் மேல் இறங்கி நின்றது. சிவநேசன் அண்ணையின் வயலை முடித்துவிட்டார்கள். அடுத்தது மலர் அக்காவின் வயல். அவர் அதன் மூலையில், மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"என்ர வயலுக்கு மேல உது வரக்கூடாது."

"அக்கா, சுத்திவர எல்லாரும் அடிச்சு உங்கட வயலை மட்டும் விட்டா என்ன நடக்கும்?" சிவநேசன் அண்ணை கெஞ்சினார். "பூச்சி முழுக்க உங்கட வயலில வந்து குடியிருக்கும். கொஞ்ச நாளால திரும்ப எங்களிட்டை வரும்."

"நான் ஆள் பிடிச்சு அடிக்கிறன்."

"ஆரைப் பிடிக்கப் போறியள் அக்கா?"

மலர் அக்கா மண்வெட்டியை இன்னும் ஆழமாக ஊன்றினார். மருந்து அடிக்கிற அந்தப் பெடியனும் இப்போது கொழும்பில் வேலையாம்.

"சிவநேசன், எனக்கு உங்களில கோவமில்லை, மிசினிலயும் கோவமில்லை" என்றார் மலர் அக்கா. "காலமை உந்தச் சத்தம் கேட்டவுடன என்ன செய்தனான் தெரியுமோ? அடுப்புக்குத் தண்ணி ஊத்திப்போட்டு மேசைக்குக் கீழ போய் இருந்தனான். என்ர வீட்டில, என்ர மேசைக்குக் கீழ! பேரப்பிள்ளை கண்ட வயசில! உது மேல நிண்டு பாக்கும், நான் கீழ ஒளிய வேணும். எனக்குத் தெரிஞ்சது உதுதான். வேண்டாம், விடுங்கோ."

என்ன சொல்ல? மேசைக்குக் கீழே போகாதவர்கள் வேட்டியோடு நின்றவர்கள்தானே!

ட்ரோனைப் பறக்கவிட வந்தவளைப் பற்றிச் சொல்லவில்லையே. பவித்திரா. இருபதுகளில் இருக்கும் பெண். பெரிய தொப்பி, முழங்கால் வரை பூட்ஸ். பெற்றோர் மலையகத்திலிருந்து வந்து இரணைமடுப் பக்கம் காணி திருத்திக் குடியிருந்தவர்கள். ஒரு விவசாய சேவை நிறுவனத்தில் பயிற்சி எடுத்து இந்த வேலைக்கு வந்திருக்கிறாள். அவ்வளவு நேரமும் பற்றரி மாற்றிக்கொண்டிருந்தவள், வந்து மலர் அக்காவுக்குப் பக்கத்தில் வரம்பில் குந்தினாள்.

"அன்ரி, நான் அப்ப சின்னப்பிள்ளை. வண்டு வந்தா அம்மா என்னைப் பங்கருக்குள்ள இழுத்துக்கொண்டு போய் காதைப் பொத்திப் பிடிப்பா. பயிற்சிக்குப் போன முதல் நாள், இதை எழுப்பினவுடன எனக்குக் கை உதறத் தொடங்கிட்டுது. படிப்பிச்ச சேர் பேசினார். அவருக்கு விளங்கேல்லை."

"பிறகு?"

"பிறகு கையைக் குனிஞ்சு பாத்தன். ரிமோட் என்ர கையிலதான் இருந்தது."

மலர் அக்கா மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒண்டு சொல்லட்டே, அன்ரி? இதுக்கு வயலின்ர எல்லை தெரியாது. ஒராள் ரிமோட்டைக் கொண்டு வரம்பால சுத்தி நடந்து, மூலைக்கு மூலை பட்டனை அமத்திக் காட்டவேணும். அந்தக் கோட்டுக்குள்ள மட்டும்தான் மருந்து அடிக்கும். வழமையா நான்தான் நடக்கிறனான். உங்கட வயலை நான் நடக்கேல்லை. நீங்க நடங்கோ. நடந்தாப் பிறகும் வேண்டாமெண்டா நான் மிசினை ஏத்திக்கொண்டு போறன்."

"கோட்டுக்கு வெளிய வராதோ?"

"வராது."

"என்ர வீட்டுப் பக்கம்?"

"நீங்க கோடு போட்டாத்தான் வரும்."

மலர் அக்கா எழுந்து சேலையைத் தட்டினார். "நாளைக்குக் காலமை சொல்லுறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாளைக்கு மழை வந்துவிட்டால்? சிவநேசன் அண்ணை வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

வியாழக்கிழமை காலை வானம் வெளித்திருந்தது. வயலுக்குப் போகும் வழியில் மலர் அக்கா வீட்டைத் தாண்டும்போது ஒன்றைக் கண்டேன். கொடியில் ஒரே ஒரு சேலை. நல்ல சிவப்பு. அது தோய்த்துக் காயப்போட்ட சேலை இல்லை, அலுமாரியில் இருந்து எடுத்தது. மடிப்புக்கூடக் குலையாமல் கிடந்தது. விசேஷத்துக்குக் கட்டுகிற சேலையை இந்த மனுசி ஏன் வெயிலில் போட்டிருக்கிறார் என்று யோசித்தபடியே நடந்தேன்.

வயலில் எங்களுக்கு முன்னரே மலர் அக்கா வந்து நின்றார். "எங்க பிள்ளை, கொண்டா" என்று கையை நீட்டினார்.

நடந்தார். அந்த ரிமோட் திரையோடு சேர்ந்த பெரிய சாமான். அதை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, வரம்பில் ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தார். பவித்திரா பின்னால் போனாள். மூலைக்கு வந்ததும் "இப்ப அமத்துங்கோ" என்பாள். மலர் அக்கா அமத்துவார். திரையில் ஒரு புள்ளி விழும். வாய்க்கால் கரை, பாலை மரத்தடி, போன போகத்தில் எரிந்துபோன அந்த மூலை... அந்த மூலையில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நின்றார். கடைசிப் புள்ளி விழுந்ததும் திரையில் கோடு கூடி, மலர் அக்காவின் வயல் அப்படியே தெரிந்தது. ஒருநாளும் அவர் தன் வயலை முழுதாகப் பார்த்ததில்லை. குனிந்து நட்டும் களைபிடுங்கியும்தான் பார்த்திருக்கிறார்.

"இவ்வளவு வடிவோ?" என்றார்.

எல்லோரும் வாய்க்கால் கட்டில், காற்றுக்கு மேல்பக்கமாகப் போய் நின்றோம். பவித்திரா திரையைக் காட்டினாள். "இதில விரலை வைச்சு இந்தப் பக்கம் இழுங்கோ, எழும்பும். நான் பக்கத்திலதான் நிக்கிறன்."

மலர் அக்காவின் விரல் திரைக்கு மேலே நின்றது. நிற்கிறது... நிற்கிறது... என்னுடைய கை என் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது. பிறகு அந்த விரல் இழுத்தது.

ங்ங்ங்...

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதுகு குளிர்ந்தது. சிவநேசன் அண்ணை ஒருமுறை தலையைக் குனிந்து நிமிர்ந்தார், பிறகு யாரும் பார்த்தார்களோ என்று சுற்றிப் பார்த்தார். மலர் அக்கா மட்டும் அசையவில்லை. தலையை நிமிர்த்தி, நேரே அதைப் பார்த்தார். அது எழும்பி, திரும்பி, அவர் நடந்த கோட்டின் ஓரத்துக்குப் போய், அவர் நடந்த மாதிரியே நேராகப் போகத் தொடங்கியது. மருந்து பனிப்புகார் போல இறங்கியது. வரம்பு வந்ததும் நின்றது. திரும்பியது. ஒரு அடி வெளியே வரவில்லை.

"அட, சொல்லுக் கேக்குது!" என்றார் மலர் அக்கா. முகத்தில் சிரிப்புப் பரவத் தொடங்கியது.

பிறகு திரையைப் பார்த்தார். மேலே இருந்து பிடிக்கிற படம் அதில் ஓடிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே வந்தவர் திடீரென்று புருவத்தை நெரித்தார்.

"சிவநேசன்! உம்மட வரம்பு என்ர பக்கம் வளைஞ்செல்லோ கிடக்குது!"

வாய்க்கால் கட்டு முழுக்கச் சிரித்தது. சிவநேசன் அண்ணைக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "அக்கா... இப்ப பூச்சியைப் பாப்பம். வரம்பைப் பிறகு பாப்பம்" என்றார். "பாப்பம், பாப்பம். படம் இருக்குத்தானே பிள்ளை?" என்றார் மலர் அக்கா.

மருந்து முடிந்து ட்ரோன் கொஞ்சம் உயர எழும்பித் திரும்பியது. திரையில் வயல் சின்னதாகி, அதன் ஓரத்தில் ஒரு வீடு தெரிந்தது. முற்றம் தெரிந்தது. முற்றத்தில் ஒரு சிவப்புக் கீறு.

பவித்திரா விரலால் காட்டினாள். "அன்ரி, உங்கட வீட்டுக் கொடியில ஏதோ சிவப்பாத் தெரியுது."

"ஓம், என்ர சீலை" என்றார் மலர் அக்கா. "நல்லாத் தெரியட்டும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அந்தச் சேலை ஏன் அலுமாரியை விட்டு வெளியே வந்தது என்று. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதேன். அழுகை என்று சொல்வதா? வென்றவர்களுக்கும் கண்ணீர் வரும்தானே!

பாடசாலை விவாதப் போட்டிகளுக்கு என்னை நடுவராகக் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு வருடமும் இந்தத் தலைப்பு தப்பாமல் வரும் — விஞ்ஞானம் வரமா, சாபமா? பிள்ளைகள் மேசையைக் குத்தி முழங்குவார்கள். நானும் இரண்டு பக்கத்துக்கும் நோகாமல், நல்லதும் உண்டு கெட்டதும் உண்டு என்று சொல்லிவிட்டு, தேநீரும் வடையும் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். இனி அப்படிச் சொல்ல முடியாது. ரிமோட் யாருடைய கையில் இருக்கிறது, கோடு போட்டு நடந்தது யார் என்று பிள்ளைகளைத் திருப்பிக் கேட்கப் போகிறேன்.

வேறொன்றும் நடந்தது. ட்ரோன் இறங்கியதும் மலர் அக்கா முதலில் கேட்ட கேள்வி — "பிள்ளை, அடுத்த போகத்துக்கும் உன்னைக் கூப்பிட்டா வருவியோ?" "ஓம் அன்ரி, போன் எடுங்கோ, வாறன்." "எடுத்தா எடுப்பியோ?" "எடுப்பன்!" மலர் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்ததை எழுதத் தெரியவில்லை. இனி அவர் யாருடைய முறைக்கும் கடைசியாகக் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு இயந்திரம் ஆம்பிளை நிற்கிற வயலா, பொம்பிளை நிற்கிற வயலா என்று பார்ப்பதில்லை. மனிதர்களுக்கு இதைப் படிப்பிக்க நாங்கள் எவ்வளவு பாடுபட்டோம்!

நேற்று விவசாயப் போதனாசிரியர் வந்தார். மலர் அக்காவின் வயலில் இறங்கி, பயிரின் அடியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். மூலை மூலையாகப் பார்த்தார். "தப்பிட்டுது அக்கா, இனிப் பயமில்லை" என்றார். குடலை வெடித்து முதல் கதிர்கள் தலைகாட்டத் தொடங்கிவிட்டன.

அந்த வியாழக்கிழமைக்கு ஒரு பின்னேரமும் இருந்தது, அதைச் சொல்லாமல் முடிக்க முடியாது.

மருந்து நன்றாகக் காய்ந்த பிறகு, ஏதோ எங்களுக்காகப் பொறுத்திருந்தது போல, இரணைமடுப் பக்கமிருந்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பவித்திரா அப்போது அடுத்த வயல்வெளியில் கடைசி வயலை முடித்துக்கொண்டிருந்தாள். ங்ங்ங் என்ற சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டேயிருந்தது. எங்கள் ஒழுங்கையில் அன்று எல்லாக் கொடியும் நிறைந்திருந்தது. சேலை, சாரம், பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள், துவாய். ஒருவரும் அசையவில்லை.

பிறகு முதல் துளி விழுந்தது. அவ்வளவுதான்! "உடுப்பை எடுங்கோ, உடுப்பை எடுங்கோ!" என்று வீட்டுக்கு வீடு சத்தம். எல்லோரும் விழுந்தடித்து ஓடினோம். மலர் அக்கா சிவப்புச் சேலையைச் சுருட்டிக்கொண்டு, சிறுபிள்ளை மாதிரிச் சிரித்தபடி ஓடியதை வேலிக்கு மேலால் பார்த்தேன்.

நான் வேட்டியை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விறாந்தைக்குள் ஓடி வந்தேன். கணவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"என்னப்பா, மழையோ?"

"ஓமப்பா... மழைதான்!"